டிடிஆர்5 ரேம்: இப்போதே வாங்குவதா, விலை இறங்கும் வரை பொறுப்பதா?

ப்ளூஸ்கிரீன் | ஈரோடு | 2026 ஜனவரி 18

வணக்கம் நண்பர்களே. தங்கைக்கு ஒரு பிசி அசெம்பிள் செய்து கொடுக்கலாம் என்று தீபாவளிக்கு முன்பே பட்டியல் போட்டேன். ரைசன் 5 7600 ப்ராசஸர், பி650 போர்டு, 32 ஜிபி டிடிஆர்5 ரேம். கேபினட், பவர் சப்ளை, போர்டு, ப்ராசஸர் எல்லாம் வந்து வீட்டில் கிடக்கிறது. ரேம் மட்டும் இல்லை.

நவம்பர் தொடக்கத்தில் ஒரு ஆன்லைன் கடையில் ரேமுக்கு ஆர்டர் போட்டுப் பணமும் கட்டிவிட்டேன். ஒரு வாரம் "பேக்கிங்கில் இருக்கிறது" என்றே காட்டியது. பிறகு "ஸ்டாக் இல்லை" என்று ரத்து. பணம் திரும்ப வந்துவிட்டது, மறுக்கவில்லை. ஆனால் அடுத்த நாளே அதே பொருள், அதே பக்கத்தில், இரண்டு மடங்கு விலையில் ஸ்டாக் இருக்கிறது! இப்போது மூன்று மடங்கையும் தாண்டிவிட்டது.

எனக்கு இரண்டு கேள்வி. விலை எப்போது இறங்கும்? கடைக்காரர் செய்தது நியாயமா?

மதர்போர்டு மாமி | சென்னை

முதல் கேள்விக்குப் பதில்: இந்த வருஷம் இறங்காது. ஆசையை வளர்த்துக்கொள்ள வேண்டாம்.

கொரியாவின் எஸ்கே ஹைனிக்ஸ் போன அக்டோபர் கடைசியிலேயே, 2026-க்கான டிராம் (நம் ரேமில் இருக்கும் சிப்), நேண்ட் (எஸ்எஸ்டி சிப்), எச்பிஎம் (ஏஐ சர்வர் நினைவகம்) எல்லாம் ஏறக்குறைய விற்றுத் தீர்ந்துவிட்டதாகச் சொல்லிவிட்டது. மைக்ரான் டிசம்பரில் கணக்கு வெளியிட்டபோது, முக்கிய வாடிக்கையாளர்கள் சிலர் கேட்பதில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரைதான் தங்களால் கொடுக்க முடியும் என்றது. லட்சக்கணக்கில் வாங்குபவர்களுக்கே அந்தக் கதி. சிப் சந்தையை அலசும் டிரெண்ட்ஃபோர்ஸ் நிறுவனம் இந்த மாதத் தொடக்கத்தில் சொன்ன கணிப்பு: சாதாரண டிராம் ஒப்பந்த விலை (பெரிய கம்பெனிகள் மொத்தமாக வாங்கும் விலை) இந்தக் காலாண்டில் மட்டும் இன்னும் 55 முதல் 60 சதவீதம் ஏறும். ஒப்பந்த விலை ஏறினால் கடை விலை தானே ஏறும்.

இரண்டாவது கேள்விக்கு வேறு யாராவது வாருங்கள். நான் பேசினால் கெட்ட வார்த்தை வந்துவிடும்.

நாலாவது ஸ்லாட் | மதுரை

தட்டுப்பாடாவது, மண்ணாங்கட்டியாவது. சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்று மூன்றே கம்பெனி. உலக டிராம் சந்தையில் 90 சதவீதத்துக்கு மேல் அவர்கள் கையில். மூன்று பேர் ஒரு அறையில் உட்கார்ந்து பேசினால் முடிந்தது.

கற்பனையில் சொல்லவில்லை. 1998 முதல் 2002 வரை இதே ஆட்டம் ஆடி அமெரிக்க நீதித் துறையிடம் மாட்டினார்கள். இன்ஃபினியன் 160 மில்லியன் டாலர், ஹைனிக்ஸ் 185 மில்லியன், சாம்சங் 300 மில்லியன் அபராதம் கட்டினார்கள். மைக்ரான் மட்டும் அப்ரூவராகி ஒத்துழைத்துத் தப்பித்தது. 2010-இல் ஐரோப்பிய ஆணையமும் 331 மில்லியன் யூரோ போட்டது. ஒரு தடவை மாட்டியவன் இன்னொரு தடவை செய்ய மாட்டான் என்று நம்ப நான் தயாராக இல்லை.

மதர்போர்டு மாமி

அந்த வழக்கு உண்மைதான் ஸ்லாட். சந்தேகப்படுவதும் தப்பில்லை. ஆனால் இந்தத் தடவை அறைக்குள் ரகசியம் பேச வேண்டிய அவசியமே அவர்களுக்கு இல்லையே. காரணம் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற இடத்தில் கிடக்கிறது.

ஏஐ சர்வர்களில் இருக்கும் கிராபிக்ஸ் சிப்புக்குப் பக்கத்தில் எச்பிஎம் என்று ஒரு நினைவகம் வைக்கிறார்கள். டிராம் சிப்புகளை மாடி மாடியாக அடுக்கி, நடுவில் துளை போட்டு இணைப்பது. அதே ஜிபி அளவுக்கு டிடிஆர்5 செய்வதைவிட எச்பிஎம் செய்ய ஏறக்குறைய மூன்று மடங்கு சிலிக்கான் வேஃபர் (சிப் அச்சாகும் வட்டத் தகடு) பிடிக்கும் என்று மைக்ரானே சொல்லியிருக்கிறது. அதாவது ஒரு ஜிபி எச்பிஎம் போனால், நமக்கு வர வேண்டிய மூன்று ஜிபி ரேம் போச்சு. ஆலை ஒன்றுதான், வேஃபரும் ஒன்றுதான். நம் தெரு மெஸ் கல்யாண ஆர்டர் எடுத்துவிட்டால் அன்றைக்கு டோக்கன்காரனுக்கு இட்லி கிடையாது. மெஸ்காரர் பக்கத்து மெஸ்காரரோடு சதி செய்ய வேண்டியதில்லை, கல்யாண வீட்டுக்காரர் அதிகமாகக் கொடுக்கிறார், அவ்வளவுதான்.

நாலாவது ஸ்லாட்

சரி, கல்யாண வீடு பெரிசு. ஆனால் சாம்சங் இந்த மாதம் 8-ஆம் தேதி சொன்ன உத்தேசக் கணக்கைப் பார்த்தீர்களா? ஒரே காலாண்டில் 20 லட்சம் கோடி வோன் செயல்பாட்டு லாபம். முந்தைய வருஷத்தின் அதே காலாண்டைவிட மூன்று மடங்கு. நம் தலையில்தானே அரைத்திருக்கிறார்கள்?

சிம்லிம் சித்தன் | சிங்கப்பூர்

ஸ்லாட் அண்ணே, 2023-ஐ மறந்துவிட்டீர்கள். கொரோனா நேரத்தில் எல்லோரும் லேப்டாப் வாங்கி முடித்த பிறகு கிடங்கு நிறைய ரேம் தேங்கியது. மைக்ரான் அந்த நிதியாண்டில் 580 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். ஹைனிக்ஸுக்கும் அடி. அப்போது நாம் 32 ஜிபியை ஆனந்தமாக அள்ளினோம், யாரும் இப்படி இழை போட்டு அழவில்லை. இந்தத் தொழில் எப்போதுமே இப்படித்தான், ஒரு சுற்று பஞ்சம், ஒரு சுற்று வெள்ளம். 2013-இல் சீனாவின் ஊஷியில் ஹைனிக்ஸ் ஆலை தீப்பிடித்தபோது ஏறியது. 2017-இல் ஏறியது, 2019-இல் கவிழ்ந்தது.

ஒரே வித்தியாசம், முன்பெல்லாம் விலை ஏறினால் புது ஆலை கட்ட ஓடுவார்கள். 2023-இல் பட்ட சூட்டினால் இந்தத் தடவை நிதானமாகக் கட்டுகிறார்கள். கட்டுகிற ஆலையும் முதலில் எச்பிஎம்முக்குத்தான். அமெரிக்காவில் மைக்ரானின் ஐடஹோ ஆலையில் முதல் வேஃபர் வரவே 2027 ஆகும்.

இன்னொன்று. "உங்கள் ஊரிலேயே மைக்ரான் இருக்கிறதே, ரேம் மலிவாகக் கிடைக்குமே" என்று ஊரிலிருந்து மாமா கேட்கிறார். இங்கே அவர்கள் செய்வது நேண்ட், அதாவது எஸ்எஸ்டிக்குப் போகும் சிப். புதிதாகக் கட்டுவது எச்பிஎம் பேக்கேஜிங் ஆலை. சிம் லிம் ஸ்கொயர் கடைகளில் ரேம் விலை உங்கள் ஊர் மாதிரியே எரிகிறது.

கவுன்டர் பையன் | சென்னை, ரிச்சி ஸ்ட்ரீட்

கடைப் பக்கத்து நியாயத்தையும் யாராவது சொல்ல வேண்டும் இல்லையா. நான் கடையில் வேலை பார்ப்பவன், முதலாளி இல்லை.

காலையில் டிஸ்ட்ரிபியூட்டர் வாட்ஸ்அப்பில் ஒரு விலை போடுவார். மத்தியானம் சாப்பிட்டு வந்தால் அந்த விலை இருக்காது. முன்பெல்லாம் ஒரு கொட்டேஷன் கொடுத்தால் ஒரு வாரம் நிற்கும். இப்போது கொட்டேஷன் தாளிலேயே "விலை இன்று மாலை வரை" என்று எழுதித்தான் கொடுக்கிறோம். கஸ்டமர் "யோசித்துவிட்டு வருகிறேன்" என்று போய் நாலு கடை ஏறி இறங்கித் திரும்பி வரும்போது ஐநூறு ரூபாய் கூடச் சொல்கிறோம், திருடன் என்கிறார். எங்களுக்கு அதில் நிற்பது முன்பு கிடைத்த அதே நூறு, இருநூறுதான்.

டிஸ்ட்ரிபியூட்டர் எங்களுக்கும் நிபந்தனை போடுகிறார். பத்து ரேம் ஸ்டிக் வேண்டுமென்றால் ஓடாத மதர்போர்டு ஐந்து சேர்த்து எடு என்கிறார். அந்த போர்டை நாங்கள் யார் தலையில் கட்டுவது? ரேம் கேட்டு வருபவர் தலையில்தான்.

ப்ளூஸ்கிரீன்

அண்ணே, நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் என் விஷயம் வேறு. பணம் வாங்கிவிட்டு, பில் நம்பரும் அனுப்பிவிட்டு, விலை ஏறியதும் "ஸ்டாக் இல்லை" என்று பொய் சொல்வது எப்படி வியாபாரம் ஆகும்? விலை இறங்கியிருந்தால் நான் ஆர்டரை ரத்து செய்கிறேன் என்றால் விடுவார்களா?

கவுன்டர் பையன்

அது தப்புதான். எங்கள் தெருவில் அட்வான்ஸ் வாங்கிய சரக்கை அந்த விலைக்கே கொடுத்து நஷ்டப்பட்டவர்களும் இருக்கிறார்கள், நீங்கள் சொல்வது போலச் செய்தவர்களும் இருக்கிறார்கள்.

பில் இருக்கா | கோயம்புத்தூர்

இந்த இழையில் இரண்டு விஷயம் கலக்கிறது, அதைப் பிரித்துக்கொள்ளுங்கள். கொரியாவில் விலை ஏறியது உலக விவகாரம், அதற்கு நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. அந்தச் சாக்கை வைத்து இங்கே நடக்கும் தில்லுமுல்லு நம் விவகாரம், அதற்கு நிறையவே செய்யலாம். "ஏஐ வந்துவிட்டது சார், என்ன செய்வது" என்று கடைக்காரர் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தருவார். வாங்கிக்கொள்ளாதீர்கள்.

ப்ளூஸ்கிரீன் தம்பி, ஆர்டர் உறுதி மின்னஞ்சல், பணம் போன ரசீது, ரத்து செய்தி, மறுநாள் விலையின் ஸ்கிரீன்ஷாட், இந்த நான்கும் இருக்கிறதா? முதலில் கடைக்கு எழுத்தில் ஒரு புகார். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. காசு செலவில்லை. பல கடைகள் அங்கிருந்து ஒரு கடிதம் வந்தாலே இறங்கி வந்துவிடும். வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்கு மனுக் கட்டணமே கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்லை, இணையத்திலேயே தாக்கல் செய்யலாம். பழைய விலைக்கு ரேம் கையில் வரும் என்று உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்தவனிடம் இதைச் செய்யும் முன் யோசிப்பார்கள்.

என் சொந்தக் கதை இதைவிட மோசம். ஆயுள் வாரண்டி என்று அச்சிட்டு விற்ற 32 ஜிபி கிட் (ஜோடியாக வரும் இரண்டு ஸ்டிக்), டிசம்பரில் ஒரு ஸ்டிக் செத்துவிட்டது. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் மென்பொருளில் முழுக்கச் சிவப்பு. சர்வீஸ் சென்டரில் கொடுத்தேன். "மாற்றுப் பொருள் இல்லை, உங்கள் பில் தொகையைத் திருப்பித் தருகிறோம்" என்றார்கள். பில் தொகை இரண்டு வருஷத்துக்கு முந்தையது! அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால் இன்று 8 ஜிபிகூட வராது. கிட் என்பதால் நல்லா ஓடிய இன்னொரு ஸ்டிக்கையும் அவர்களே வைத்துக்கொள்வார்களாம்.

நான் செய்தது: வாரண்டி அட்டையில் "பழுது நீக்கம் அல்லது மாற்றம்" என்று இருக்கிறதா, "பணம் திருப்புதல்" என்றும் இருக்கிறதா என்று வரிவரியாகப் படித்தேன். என்னுடையதில் பணம் பற்றிய பேச்சே இல்லை. அந்த வரியை அடிக்கோடிட்டு மின்னஞ்சல் அனுப்பினேன், 1915-இலும் பதிவு செய்தேன். "ஸ்டாக் வரும்வரை பொறுங்கள்" என்று இறங்கி வந்திருக்கிறார்கள். இன்னும் ஸ்டிக் வரவில்லை, ஆனால் பணத்தை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும். யாரும் அவசரப்பட்டுப் பணத்தை வாங்கிவிடாதீர்கள்.

மதர்போர்டு மாமி

இதை எல்லோரும் பார்க்கும்படி மேலே ஒட்டி வையுங்கள். பழைய பில்லை எல்லாம் ஒருமுறை தேடி எடுத்து வையுங்கள். வெப்பத்தாளில் அடித்த பில் வருஷம் போனால் வெள்ளைத்தாள் ஆகிவிடும், இன்றே போட்டோ எடுங்கள்.

யாழ்ப்பிட்டு | யாழ்ப்பாணம்

நீங்கள் எல்லோரும் கடையில் பொருள் இருக்கிறது, விலைதான் கூட என்று கதைக்கிறீர்கள். இங்கே பொருளையே கொழும்பில் இருந்து எடுப்பிக்க வேண்டும். யூனிட்டி பிளாசாவில் ஒரு விலை சொல்வார்கள், பஸ்ஸில் பார்சல் வந்து சேர்வதற்குள் இன்னொரு விலை.

நான் பள்ளிப் பிள்ளைகளுக்கு ராஸ்பெரி பையில் நிரலாக்கம் சொல்லிக் கொடுக்கிறவன். மலிவான கணினி என்றுதான் அதைத் தெரிவு செய்தோம். டிசம்பர் முதலாம் திகதி அதற்கும் விலை கூட்டிவிட்டார்கள். 16 ஜிபி பை 5, 120 டொலரில் இருந்து 145 ஆகிவிட்டது. ஆறுதலுக்கு 1 ஜிபி மாதிரி ஒன்றை 45 டொலருக்கு விட்டிருக்கிறார்கள். பிள்ளைகளின் வேலைக்கு அது ஓரளவு காணும், ஆனால் உலாவியில் மூன்று பக்கம் திறந்தால் மூச்சு வாங்கும்.

லீக் லிங்கம் | திருச்சி

சூடான செய்திகள் மக்களே! ஒன்று, என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 50 சூப்பர் கிராபிக்ஸ் கார்டு வரிசை ரத்தாம். இரண்டு, சாம்சங் சாட்டா எஸ்எஸ்டி தயாரிப்பை மூடுகிறதாம். மூன்று, அதே என்விடியாவின் 5070 டிஐ கார்டு நிறுத்தமாம். நான்கு, கடைகளில் ரேம், எஸ்எஸ்டி விற்கும் தன் க்ரூஷியல் பிராண்டை மைக்ரான் மூடிவிட்டதாம். இன்றே வாங்கி அடுக்குங்கள், நாளை கிடைக்காது!

சிம்லிம் சித்தன்

லிங்கம், நீங்கள் போட்ட நாலில் ஒன்றுதான் உறுதியான செய்தி. மற்ற மூன்றும் எப்படிக் கிளம்பின என்று பார்ப்போம்.

க்ரூஷியல் உண்மை. டிசம்பர் 3-ஆம் தேதி மைக்ரானே அறிவித்தது. கடைகளுக்குச் சரக்கு பிப்ரவரி கடைசி வரை வரும், வாரண்டி தொடரும் என்றும் சொன்னது. 29 வருஷப் பெயர். எனக்கு உண்மையிலேயே வருத்தம், என் முதல் எஸ்எஸ்டி அதுதான்.

சாம்சங் சாட்டா கதை ஒரு யூடியூப் ஆளிடமிருந்து கிளம்பியது. சாம்சங் பொய் என்று மறுத்துவிட்டது.

5070 டிஐ கதை இந்த வாரம்தான். ஏசஸ் அந்தக் கார்டை நிறுத்திவிட்டதாக ஒரு பெயர் பெற்ற விமர்சன சேனல் சொன்னது. பிறகு ஏசஸ், நிறுத்தவில்லை, நினைவகம் வருவதில் ஏற்ற இறக்கம் இருக்கிறது என்று விளக்கம் கொடுத்தது. கடையில் கார்டு கிடைக்காதவனுக்கு இரண்டும் ஒன்றுதான், அது வேறு விஷயம்.

சூப்பர் வரிசையை என்விடியா ஒருநாளும் அறிவிக்கவே இல்லை. அறிவிக்காததை எப்படி ரத்து செய்வது? 3 ஜிபி ஜிடிடிஆர்7 நினைவகச் சிப் போட்டு 18 ஜிபி, 24 ஜிபி கார்டுகள் வரும் என்று ஒரு வருஷமாகப் பேச்சு. இந்த மாதம் லாஸ் வேகாஸ் சிஇஎஸ் கண்காட்சியில் புதுக் கார்டு எதையும் அவர்கள் காட்டவில்லை. நமக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

லீக் லிங்கம்

சரி தலைவா, நான் பகிர்ந்ததுதான், எழுதியவன் நான் இல்லை.

நாலாவது ஸ்லாட்

பகிர்கிறவர்களால்தான் பாதி விலை ஏறுகிறது. அக்டோபர் 1-ஆம் தேதி ஓப்பன்ஏஐ, சாம்சங், ஹைனிக்ஸ் மூன்றும் கையெழுத்துப் போட்டதாக வந்ததே, மாதத்துக்கு 9 லட்சம் வேஃபர் வரை என்று? உலக உற்பத்தியில் 40 சதவீதம் என்று ஊடகமெல்லாம் எழுதியது. அது வெறும் உத்தேசக் கடிதம். "வரை" என்ற சொல்லையும் யாரும் கவனிக்கவில்லை. ஆனால் அதைப் படித்த உடனே உலகத்தில் இருக்கும் ஒவ்வொரு கம்பெனியும் பயந்துபோய்க் கிடைத்ததை வாங்கி அடுக்கியது. செப்டம்பரில் 149 டாலராக இருந்த 32 ஜிபி டிடிஆர்5 ஒப்பந்த விலையை நவம்பரில் சாம்சங் 239 டாலர் ஆக்கியது என்று ராய்ட்டர்ஸ் எழுதியது. இரண்டு மாதத்தில் எந்த வேஃபரும் எங்கும் போய்ச் சேர்ந்திருக்காது. பயம் மட்டும்தான் சேர்ந்தது.

மதர்போர்டு மாமி

இதில் நான் ஸ்லாட் பக்கம். ஆனால் பயத்தால் ஏறிய விலை பயம் போனதும் இறங்கிவிடும் என்று கணக்குப் போடாதீர்கள். வாங்கி அடுக்கியவர்கள் பெரிய கம்பெனிகள், அவர்கள் ஒருநாளும் அதைச் சந்தைக்குத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். அப்புறம் விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்த நாள் அக்டோபர் 14. அதே மாதம்தான் ஊரில் பாதிப்பேர் புது மெஷின் தேடிக் கிளம்பினார்கள். வேளை பார்த்து வந்திருக்கிறது.

பழைய பென்டியம் | திருநெல்வேலி

குஜராத்தில் மைக்ரான் ஆலை வருகிறதே, அது வந்தால் நமக்கு மலிவாகுமா? ரேம் இங்கேயே தயாராகும் என்கிறார்களே.

சிம்லிம் சித்தன்

ஆகாது அண்ணே. சானந்தில் வருவது அசெம்பிளி, சோதனை ஆலை. வேஃபர் வெளிநாட்டில் அச்சாகி வரும், இங்கே வெட்டி, உறை போட்டு, சோதித்து அனுப்புவார்கள். 275 கோடி டாலர் முதலீடு, வேலைவாய்ப்புக்கு நல்லது. ஆனால் தட்டுப்பாடு வேஃபரில்தானே. தோலேராவில் டாடா கட்டும் ஆலையிலும் டிராம் கிடையாது, அது வேறு வகைச் சிப்.

பழைய பென்டியம்

நன்றி தம்பி. அப்போ என் பழைய டிடிஆர்3-யே தெய்வம்.

பில் இருக்கா

செகண்ட் ஹேண்ட் பக்கம் போவோர் கவனத்துக்கு. முந்தைய தலைமுறையான டிடிஆர்4-உம் ஏறியிருக்கிறது, ஆனாலும் இன்னும் டிடிஆர்5 அளவுக்கு இல்லை. புதிதாக மெஷின் கட்டுபவர், போர்டு இன்னும் வாங்கவில்லை என்றால், ஏஎம்டியின் பழைய ஏஎம்4 போர்டில் ரைசன் 5 5600, இல்லையென்றால் இன்டெல் 12 முதல் 14-ஆம் தலைமுறைக்கு டிடிஆர்4 ஸ்லாட் உள்ள போர்டு பார்க்கலாம். போர்டு வாங்கும்போது பெயரில் டி4 இருக்கிறதா என்று பாருங்கள், ஒரே போர்டு இரண்டு வகையிலும் வருகிறது. டிடிஆர்4 ஸ்டிக் டிடிஆர்5 ஸ்லாட்டில் ஏறாது, வெட்டு வேறு இடத்தில் இருக்கும். அழுத்திப் பார்த்து போர்டை உடைத்தவர்கள் உண்டு.

பழைய ஸ்டிக் வாங்கும்போது ஸ்டிக்கரை நம்ப வேண்டாம். விற்பவர் மெஷினிலேயே போட்டு சிபியு-இசட் மென்பொருளைத் திறந்து எஸ்பிடி பக்கத்தை (ஸ்டிக் தன்னைப் பற்றித் தானே சொல்லும் விவரம்) பாருங்கள். அங்கே வருவதும் ஸ்டிக்கரில் இருப்பதும் ஒன்றா? முடிந்தால் ஒரு சுற்று மெம்டெஸ்ட் ஓடும்வரை டீ குடியுங்கள். ஆன்லைனில் புதிது வாங்கினால், பெட்டியின் சீல் தெரியும்படி தொடங்கி ஸ்டிக் வெளியே வரும்வரை வெட்டில்லாமல் வீடியோ எடுங்கள். டிடிஆர்5 பெட்டிக்குள் அரதப்பழைய டிடிஆர்2 ஸ்டிக் வைத்து ரிட்டர்ன் அனுப்பும் மோசடி வெளிநாட்டில் நடந்து செய்தியாகிவிட்டது. அந்தப் பெட்டி அடுத்தவருக்குப் போகிறது.

கல்லூரிக் கிளி | சேலம்

அக்கா, அண்ணன்மார்களே, லேப்டாப்புக்கு என்ன செய்வது? என் பட்ஜெட்டில் வருவதெல்லாம் 8 ஜிபி. அதுவும் போர்டிலேயே பற்றவைத்தது. சேல்ஸ்மேன் "பிறகு ஏற்றிக்கொள்ளலாம்" என்கிறார்.

மதர்போர்டு மாமி

கிளி, சேல்ஸ்மேன் வாய்க்கும் லேப்டாப் போர்டுக்கும் சம்பந்தமில்லை. மாடல் பெயரோடு கடைசி எழுத்துவரை முழுசாகத் தேடி, காலி ஸ்லாட் இருக்கிறதா என்று நிறுவனத்தின் விவரப் பட்டியலில் பார். மூன்று விதம் உண்டு. முழுக்கப் பற்றவைத்தது, பாதி பற்றவைத்து ஒரு ஸ்லாட் விட்டது, இரண்டும் ஸ்லாட். முதல் வகையில் 8 ஜிபி எடுத்தால் நாலு வருஷம் அதோடுதான் குடித்தனம். அந்த வகை என்றால் 16-க்குக் கீழே தொடாதே, ப்ராசஸரை ஒரு படி குறைத்தாவது 16 எடு. ஸ்லாட் உள்ள வகை என்றால் 8-ஐ எடுத்து ஓட்டலாம். கடைகளில் இன்னும் பழைய விலைச் சரக்கு சிலது கிடக்கிறது, அதைத் தேடு. புதுச் சரக்கு வந்தால் அதே விலைக்கு ரேம் பாதியாகிவிடும்.

ப்ளூஸ்கிரீன்

எல்லோருக்கும் நன்றி. 1915-இல் பதிவு செய்துவிட்டேன். காத்திருந்து பயனில்லை என்று புரிந்தது. 32 ஜிபிக்குக் காசு போதாது. 16 ஜிபி போடலாம் என்று இருக்கிறேன். 8 ஜிபி இரண்டா, 16 ஜிபி ஒன்றா?

லீக் லிங்கம்

16 ஒன்று போதும். டிடிஆர்5 ஸ்டிக் ஒன்றிலேயே டூயல் சேனல் (இரட்டைத் தரவுப் பாதை) இருக்கிறது.

சிம்லிம் சித்தன்

இல்லை லிங்கம். டிடிஆர்5 ஸ்டிக்குக்குள் 32 பிட் துணைச் சேனல் இரண்டு இருக்கும். கூட்டினால் பழைய ஸ்டிக் மாதிரி அதே 64 பிட்தான். இரண்டு ஸ்டிக் போட்டால்தான் 128. ஒற்றை ஸ்டிக்கில் தரவுப் பாதையின் அகலம் பாதிதான்.

பில் இருக்கா

ஆனாலும் ப்ளூஸ்கிரீனுக்கு நான் 16 ஒன்றுதான் சொல்வேன். 8 ஜிபி டிடிஆர்5 ஸ்டிக்கில் நாலே சிப், அதில் பேங்க் குழு (சிப்புக்குள் தரவை வைக்கும் பிரிவுகள்) பாதி, வேகமும் கொஞ்சம் குறையும். முக்கியமான பிரச்சினை பிறகு வரும். நாளை 32 ஆக்க வேண்டும் என்றால் நாலு ஸ்லாட்டும் நிறையும். ரைசன் 7000-க்கு ஏஎம்டி சொல்லும் அதிகாரபூர்வ வேகம் இரண்டு ஸ்டிக்குக்கு 5200, நாலு ஸ்டிக்குக்கு 3600. வாங்கிய இரண்டையும் தூக்கிப் போட வேண்டி வரும்.

தங்கை கேம் ஆடுவாரா? தனி கிராபிக்ஸ் கார்டு உண்டா?

ப்ளூஸ்கிரீன்

பழைய 1660 சூப்பர் ஒன்று இருக்கிறது, அதைப் போடுகிறேன். அவள் செய்வது வீடியோ எடிட்டிங், கொஞ்சம் கேம்.

பில் இருக்கா

அப்போ 16 ஒன்றை வாங்குங்கள். தனிக் கார்டு இருப்பதால் ஒற்றைச் சேனல் அடி தாங்கும். எடிட்டிங்குக்குப் ப்ராக்ஸி கோப்பு (வீடியோவின் சின்ன அளவு நகல்) வைத்து ஓட்டச் சொல்லுங்கள். வாங்கும் ஸ்டிக்கின் முழுப் பார்ட் நம்பரைக் குறித்து வையுங்கள், அடுத்தது அதே நம்பரில் கிடைத்தால் நல்லது. கிடைக்காமல் வேறு போட்டால் எக்ஸ்போ வேகத்தில் (பெட்டியில் போட்டிருக்கும் கூடுதல் வேகம்) நிற்காமல் போகலாம், அப்போது ஒரு படி இறக்கி ஓட்டுங்கள்.

யாழ்ப்பிட்டு

ஒரு சந்தேகம் அண்ணை. இங்கே பழுதான மடிக்கணினிகளில் இருந்து கழற்றிய டிடிஆர்5 சின்ன ஸ்டிக்குகள் மலிவாகக் கிடைக்கின்றன. அதை மேசைக் கணினியில் ஏற்ற ஒரு அடாப்டர் விற்கிறார்களே, அது சரிவருமா?

சிம்லிம் சித்தன்

ஓடும், நான் ஒன்று போட்டுப் பார்த்தேன். நடுவில் ஒரு இணைப்பு கூடுவதால் சிக்னல் கெடும், அதிக வேகத்துக்கு ஆசைப்படாமல் 4800-இல் வைத்தால் நிற்கிறது. உயரம் பார்த்துக்கொள்ளுங்கள், என் கூலரின் விசிறி இடித்ததால் அதை ஒரு கட்டம் மேலே தூக்கி மாட்ட வேண்டியிருந்தது. மடிக்கணினி ஸ்டிக்கிலும் டிடிஆர்4, டிடிஆர்5 வெட்டு வேறு இடத்தில் இருக்கும், அடாப்டர் எந்த வகைக்கு என்று கேட்டு வாங்குங்கள்.